கோட்டு போட்டவர் நிழலில் நிற்கக் கூடாது

போன வாரம், உளவியல் துறைக்குப் புதிதாக வந்த உங்கள் அறிமுகக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது வேறு மாதிரி சொல்லிக் கதையை மாற்றிவிடக் கூடாது. ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் வந்து நாலு வார்த்தை பேசுவார் என்று உங்களை உட்கார வைத்திருந்தார்கள். நான் உள்ளே வந்தேன். "எல்லாரும் எழுந்து சுவரைப் பார்த்து நில்லுங்க" என்றேன். நின்றீர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வசதியாக உட்கார்ந்திருந்தவர்கூட எழுந்துபோய்ச் சுவரோரமாக இடம் தேடிக்கொண்டார். நான் வெளியே போய் நிதானமாகக் காபி குடித்தேன். சர்க்கரை போதவில்லை, கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோதும் அத்தனை பேரும் சுண்ணாம்பைப் பார்த்தபடி நின்றீர்கள். ஒரே ஒரு பெண் கையைத் தூக்கினாள். ஏன் என்று கேட்கப்போகிறாள் என நினைத்து எனக்கு சந்தோஷமாக இருந்தது. "மேடம், பைய சேர்லயே வச்சிடலாமா?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட நீங்கள்தான் இனி ஊர் ஊராகப் போய், மனிதர்கள் ஏன் கீழ்ப்படிகிறார்கள் என்று ஆராயப்போகிறீர்கள். வாழ்த்துகள்.

அந்தப் பழைய அமெரிக்கச் சோதனை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஒரு அறை, ஒரு சுவிட்சுப் பலகை, பக்கத்து அறையில் அலறுகிற ஒரு ஆள். அலறுவது நடிப்பு என்று சுவிட்சைப் போடுகிறவருக்குத் தெரியாது. தப்பான பதில் வரும்போதெல்லாம் ஷாக் கொடுக்க வேண்டும். கை நடுங்கினால், கோட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று "தொடருங்கள்" என்பார். நிறைய பேர் கடைசி சுவிட்சு வரைக்கும் போனார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்ததும், "நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்பேன். நிறுத்தியிருப்போம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். மணி அடித்து வகுப்பு முடிந்த பிறகும், நான் போகச் சொல்லாததால் உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆட்கள்தான்.

நான் சொல்லவந்தது அந்தச் சோதனையைப் பற்றி அல்ல. அதன் இந்தியப் பதிப்பு என்று எங்கள் துறைத்தலைவர் ஒன்றைச் செய்தார், மரக்காணம் உப்பளத்தில். அதில் நான் களப்பொறுப்பாளர். களப்பொறுப்பாளர் என்றால் தலைவருக்குப் பதிலாக வெயிலில் போகிறவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

தலைவர் ஒரு வார இறுதியில் புதுச்சேரி போய்விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். மரக்காணம் தாண்டும்போது கண்ணாடிக்கு வெளியே பாத்தி பாத்தியாக உப்பளம் தெரிந்திருக்கிறது. குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிற ஆட்கள் தெரிந்திருக்கிறார்கள். உப்பு வாருகிறவர்கள் குனிந்துதான் வார முடியும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. "இயற்கையா அமைஞ்ச ஆய்வகம்மா அது. அந்த மக்களோட உடம்புலயே கீழ்ப்படிதல் இருக்கு" என்று திங்கட்கிழமை காலையில் எங்களிடம் அறிவித்தார். குளிரூட்டப்பட்ட அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அறிவித்தார்.

ஷாக் கொடுக்க இந்தக் காலத்து நெறிமுறைக் குழு விடுமா? விடாது. ஆகவே ஆபத்தில்லாத, அர்த்தமில்லாத வேலை ஒன்றைத் தலைவர் கண்டுபிடித்தார். அர்த்தமில்லாத வேலையைக் கண்டுபிடிப்பதில் எங்கள் துறைக்கு நல்ல அனுபவம் உண்டு. காலையில் வழக்கமான வேலை முடிந்ததும், உப்பளத்து ஆட்கள் ஒரு உப்புக் குவியலிலிருந்து கூடையில் அள்ளிக்கொண்டுபோய் இன்னொரு குவியலில் கொட்ட வேண்டும். கொட்டியதைத் திரும்ப அள்ளி வந்து பழைய இடத்திலேயே போட வேண்டும். இப்படியே ஐம்பது நடை போய்வர வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்ட ஆய்வாளர் பக்கத்தில் நிற்பார். ஆள் தயங்கினால் நாலு வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒன்றாக, நாலு மறுப்புக்கு நாலையும் சொல்லியாகிவிட்டால் சோதனை முடிந்தது.

அந்த நாலு வாக்கியங்களைத் தலைவரே எழுதினார். "தயவுசெய்து தொடருங்கள்." "ஆய்வின் பொருட்டுத் தாங்கள் தொடர வேண்டியுள்ளது." "தாங்கள் தொடர்வது இன்றியமையாததாகும்." "தொடர்வதைத் தவிரத் தங்களுக்கு வேறு வழியில்லை." ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று உத்தரவு. கூடவே இன்னொரு விதி: ஒரு ஆளின் சோதனை முடியும்வரை கோட்டு போட்டவர் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது, நிழலில் ஒதுங்கக் கூடாது. "நிழல் தேடிப் போற அதிகாரம் அதிகாரமே இல்ல" என்றார் தலைவர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் தலையாட்டினோம்.

கோட்டு போடுகிற பொறுப்பு பாலாஜிக்கு வந்தது. பாலாஜி எங்கள் ஆய்வு மாணவன். பெருமுக்கல் பக்கம் விவசாயக் குடும்பம், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆள் நல்ல உயரம், தோளும் அகலம். தலைவருக்கு அதனால்தான் பிடித்திருந்தது, அதிகாரம் என்றால் அகலமாக இருக்க வேண்டுமாம். பாலாஜியின் முனைவர் பட்டம் முழுக்கத் தலைவர் கையெழுத்தை நம்பி இருந்தது. எனவே அவர் இருமினால் இவன் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவான்.

முதல் நாள் காலையில் பாலாஜி கோட்டோடு உப்பளத்தில் இறங்கினான். அரை மணி நேரத்தில் அவன் முன்னால் வரிசை நின்றது. ஒருவர் முழங்காலைக் காட்டினார். ஒருவர் நாக்கை நீட்டினார். மீன்பிடிக் குப்பத்திலிருந்து ஒருவர் சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு வந்துவிட்டார். "நான் டாக்டர் இல்லைங்க" என்று அவன் சொல்லச் சொல்ல, "பெரிய டாக்டரு போல, எவ்ளோ பணிவா பேசுறாரு பாரு" என்று கூட்டம் பெருகியது. நான் தலைவருக்குப் போன் செய்து, கோட்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "அதிகாரம் நிலைநாட்டப்பட்டாச்சு, அபாரம்!" என்றார்.

பிறகு சோதனை தொடங்கியது. முதல் ஆள் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும், அந்த உப்பளத்துப் பெண்களில் எல்லாருக்கும் முன்னால் பேசுகிறவள். நெறிமுறைக் குழு சொன்னபடி, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதை பாலாஜி முதலில் வாசித்துக் காட்டினான்.

"எப்ப வேணா போலாமா?" என்றாள் அஞ்சலை.

"ஆமாங்க."

"அப்ப கெளம்பட்டுமா?"

பாலாஜி தாளைப் பார்த்தான். "தயவுசெய்து தொடருங்கள்" என்றான்.

"இப்பதான சார் போலாம்னு சொன்னீங்க?"

"ஆய்வின் பொருட்டுத் தாங்கள் தொடர வேண்டியுள்ளது."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "மேடம், இன்னா சொல்றாரு இவரு?"

"வேலையச் செய்யணுமாம்மா."

"அத நேரா சொன்னா இன்னா" என்றபடி கூடையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் உப்பு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்வந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. இதைவிடக் கிறுக்கான வேலையெல்லாம் முதலாளிகள் சொல்லி அவள் பார்த்திருக்கிறாள். வெயில் ஏறியதும் கூடையை வைத்துவிட்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு, "சரிங்க சார், இதோ வந்துட்டேன்" என்றாள். ரோட்டோர டீக்கடைப் பக்கம் நடந்து போனாள். அன்றைக்குத் திரும்பி வரவில்லை.

அடுத்த ஆளும் அப்படித்தான். அதற்கடுத்த ஆளும் அப்படித்தான். "ஆகட்டுங்க." "செஞ்சிடலாம் சார்." "ஒரு நிமிஷங்க, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்." ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவர்கூட வேலையை முடிக்கவும் இல்லை. எங்களிடம் இருந்தது இரண்டே கட்டங்கள், கீழ்ப்படிந்தார் என்று ஒன்று, மறுத்தார் என்று ஒன்று. நான் மறுபடி தலைவருக்குப் போன் செய்தேன்.

"சார், சரின்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. எதுல போடறது?"

"மறுப்பு தெரிவிச்சாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப கீழ்ப்படிஞ்சிருக்காங்க."

"ஆள் இங்க இல்லையே சார்."

"மனசளவுல கீழ்ப்படிஞ்சிருக்காங்கம்மா" என்றார். சிரிக்கவில்லை.

ஏன் ஒருவரும் வாய்விட்டு மறுப்பதில்லை என்று அன்றைக்கே அஞ்சலையிடம் டீக்கடையில் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு ஒரு வாட்டி சொன்னா, மறுநாளு மேஸ்திரி பேரு கூப்புடமாட்டாரு மேடம். சரின்னு சொல்லிட்டுப் போயிட்டா, சாயந்திரம் திட்டுவாரு, அவ்ளோதான். திட்டு வாங்கினா வேல இருக்குது." இதைத்தான் தலைவர் உடம்பிலேயே ஊறிய கீழ்ப்படிதல் என்று காருக்குள்ளிருந்து கண்டுபிடித்திருந்தார்.

இங்கேதான் நம் தொழில்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று நடந்தது. வேறு எந்தத் தொழிலிலும் இது நடக்காது. கொத்தனாரோ கண்டக்டரோ இப்படி ஒரு குழிக்குள் விழமாட்டார். அதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும்.

விதிப்படி, ஆள் வேலையை முடிக்க வேண்டும் அல்லது நாலு முறை மறுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சோதனை முடியாது. சோதனை முடியாதவரை கோட்டு போட்டவர் நகரக் கூடாது. மரக்காணத்திலோ யாரும் முடிக்கவும் மாட்டார்கள், மறுக்கவும் மாட்டார்கள். முதல் இரண்டு நாள் நான் பக்கத்திலேயே இருந்து, வெயில் ஏறியதும் பாலாஜியை இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டேன். இது தலைவர் காதுக்குப் போயிற்று. யார் சொல்லியிருப்பார்கள்? பாலாஜிதான் சொன்னான். கேட்டாராம், உண்மையைச் சொன்னானாம். அன்று இரவே எனக்குச் செய்தி வந்தது. நாளைக் காலையில் நான் ஊருக்குள் போய் ஒப்புதல் தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டுமாம். பாலாஜி தனியாகக் களத்தைப் பார்த்துக்கொள்வானாம்.

மறுநாள் போகும்போது பாலாஜியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ஆளுங்க போனதும் நீ மோட்டார் கொட்டாயில போய் உக்காரு. வெயில்ல நிக்காத." உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு ரோட்டோரமாக ஒரு கொட்டகை உண்டு. அந்த உப்பளத்தில் நிழல் என்பது அது ஒன்றுதான். "சரிங்க மேடம்" என்றான். அந்த ஊரில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வேலை முடித்து ஷேர் ஆட்டோவில் திரும்பியபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. மே மாதம். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பாத்தியிலிருந்து எகிறி முகத்திலும் அடிக்கும். அதனால்தான் அங்கே விடியும் முன்னால் இறங்கி, வெயில் ஏறும் முன்னால் கரையேறிவிடுகிறார்கள். கொட்டகையில் மேஸ்திரி தனசேகர் மட்டும் துண்டை விரித்துப் படுத்திருந்தார். பாலாஜி இல்லை.

"எங்கங்க எங்க ஆளு?"

"அங்கதான் நிக்கிறாரு டாக்டரு. வாங்க சார்னு கூப்ட்டேன். வரல. ஏதோ ஆராய்ச்சி பண்றாருன்னு வுட்டுட்டேன்."

கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளை உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. வெள்ளைக் கோட்டு எது, குவியல் எது என்று தெரியவில்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, குவியல்களில் ஒன்று லேசாக ஆடியது.

வரப்பு மேல் ஓடினேன். அந்த வயதில் எனக்கு ஓட்டம் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. பாலாஜி நின்றுகொண்டிருந்தான். முகம் செங்கல் நிறமாக இருந்தது. கையைத் தொட்டால் சுட்டது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. வியர்வை நின்றுவிட்டால் நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் பையன் பிழைக்கமாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"பாலாஜி, வா, போலாம்."

"அஞ்சலையம்மா வரணும் மேடம்." நாக்கு குழறியது. "இன்னைக்கும் இதோ வர்றேன்னு போனாங்க. அவங்க இன்னும் மறுக்கல."

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்கப்பா. வா."

"சோதனை முடியல மேடம்."

கையைப் பிடித்து இழுத்தேன். உதறினான். அவன் இருந்த இருப்பில் அது அவனுக்கே தெரிந்திருக்காது, நான் பாத்தி ஓரத்தில் போய் விழுந்தேன். எழுந்து, உயிருக்கு ஆபத்து என்று விளக்கிச் சொன்னேன். மூளை கொதித்துக்கொண்டிருக்கிறவனிடம் மூளையைப் பற்றிப் பாடம் எடுத்தேன். அவன் பணிவாகத் தலையாட்டிவிட்டு அதே இடத்தில் நின்றான். மேஸ்திரியைக் கத்திக் கூப்பிட்டேன், தூக்கச் சொன்னேன். ஓடி வந்தவர், கோட்டைப் பார்த்ததும் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். "டாக்டர் மேல எப்டிங்க கைய வெக்கிறது? நாளைக்கு எதுனா கேஸு கீஸுன்னா?"

தலைவர் குரலைக் கேட்டால் நகர்வான் என்று போன் போட்டேன். எடுத்தார். "சார், பாலாஜிக்கு வெயில் தாக்கிடுச்சு. சோதனை முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

"யாராவது மறுத்தாங்களா?"

"இல்ல சார்!"

"அப்புறம் எப்படிம்மா முடியும்? பதற்றப்படாதீங்க. தண்ணி குடிக்கச் சொல்லுங்க. நான் ஒரு நேர்காணல்ல இருக்கேன்." வைத்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். சிடுமூஞ்சி. யாரையும் உட்காரச் சொல்லமாட்டார். அந்த அம்மா ஒரு முறை என்னிடம், "எந்த விதியையும் படிக்கும்போது, இதுலேருந்து வெளிய வர வழி எங்க எழுதியிருக்குன்னு முதல்ல பாரு. விதிய நம்புறவன் அந்த வழியா மட்டும்தான் வருவான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. உப்பளத்தில், கையிலிருந்த போனை எறிந்துவிடலாமா என்று நின்றபோது புரிந்தது. இவனை இழுக்கவும் முடியாது, பேசி மாற்றவும் முடியாது. வெளியே வர இருப்பது ஒரே வழி. யாராவது நாலு முறை மறுக்க வேண்டும்.

சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர்களில் ஒருவரை மேஸ்திரியின் பைக்கில் அனுப்பி அஞ்சலையைக் கூட்டிவரச் சொன்னேன். வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். வருவதற்குள், கொட்டகையிலிருந்த குடிதண்ணீரைக் கொண்டுவந்து பாலாஜி தலையிலும் கோட்டிலும் ஊற்றினேன். ஊற்றியதற்கு நன்றி சொன்னான். அஞ்சலை மாவு அப்பிய கையோடு ஓடி வந்தாள்.

"அஞ்சலை, இவர் முன்னாடி நின்னு, முடியாதுன்னு சொல்லு. நாலு தடவை சொல்லணும்."

அவள் முகம் மாறியது. மேஸ்திரியைப் பார்த்தாள். "நானா மேடம்? இவரு எதுருலயா?"

"சொல்லு. இல்லன்னா இவன் செத்துருவான்."

அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாலாஜி முன்னால் போய் நின்றாள். குனிந்த தலையோடு, "முடியாதுங்க சார்" என்றாள், மன்னிப்பு கேட்கிற குரலில்.

பாலாஜியின் கண் எங்கேயோ இருந்தது. வாய் மட்டும் அசைந்தது. "தயவுசெய்து... தொடருங்கள்."

"முடியாதுங்க."

"ஏய் அஞ்சல, இன்னா பேசுற டாக்டருகிட்ட?" என்று மேஸ்திரி அதட்டினார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"ஆய்வின் பொருட்டு..." மீதி வரவில்லை. கால் மடங்கியது, சமாளித்து நின்றான்.

"முடியாது சார்." இப்போது தலை நிமிர்ந்திருந்தது.

"இன்றியமையாதது..."

"முடியாதுன்றேன் இல்ல!" என்று அஞ்சலை கத்தினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போய்யா, நெழலுக்குப் போய்யா!"

பாலாஜி நாலாவது வாக்கியத்தையும் சொன்னான். வேறு வழியில்லை என்று அவளிடம் சொன்னான். அவள் ஐந்தாவதாகவும் ஒன்று சொன்னாள், அதை இங்கே எழுத முடியாது. அவன் "நன்றி, சோதனை முடிந்தது" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக, என் மேலேயே விழுந்தான்.

விழுந்த பிறகு எல்லாருக்கும் கை வந்துவிட்டது. கோட்டைக் கிழித்தெறிந்தோம். மேஸ்திரியே முதல் ஆளாகத் தோளில் தூக்கினார். உப்பு ஏற்றுகிற மினி லாரியில் போட்டு, ஈரத் துணியைப் போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டியூட்டி டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும். யாருங்க இந்த வெயில்ல நிக்க வச்சது?" என்றார். என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவிடுவாரோ என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தலைவர் எனக்குப் போன் செய்தார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார், அதை மறைக்கமாட்டேன். இரண்டாவது கேள்வி: "நாலாவது மறுப்பு, விழறதுக்கு முன்னாடிதானே?" ஆமாம் என்றேன். "அப்ப செல்லும்" என்றார். பின்னால் அந்த ஆய்வு கட்டுரையாகவும் வந்தது. உப்பளத் தொழிலாளர்கள் அனைவரும் கீழ்ப்படிந்தார்கள், விதிவிலக்காக ஒரு பெண் மட்டும் மறுத்தாள், தனிப்பட்ட ஆளுமைக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஒரு மறுப்புகூட மறுப்பு இல்லை. மாட்டேன் என்று சொல்லும்படி அஞ்சலைக்கு நான் உத்தரவு போட்டேன், அவள் கீழ்ப்படிந்தாள். மேடம் சொல்லித்தான் சொன்னாள் என்று மேஸ்திரியிடம் நானே போய்ச் சொன்ன பிறகுதான் மறுநாள் அவள் பெயரை அவர் கூப்பிட்டார். ஆக, மொத்த உப்பளத்திலும் தானாக மாட்டேன் என்று சொன்னவர் யாருமே இல்லை, என்னையும் சேர்த்து.

பாலாஜியின் மனைவி சுகந்தி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கடைச் சீருடையோடு வந்திருந்தாள். அவனுக்கு அதற்குள் தெளிவு வந்து, சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவனைத் தொட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், இவரக் கட்டிப் போட்டாங்களா?"

"இல்லம்மா."

"அடிச்சாங்களா? மெரட்டினாங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் நின்னாரு?"

பல வருஷம் இதே கேள்வியைப் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டுத் தாள் திருத்தியவள் நான்.

"நான் கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா ஏன், எதுக்கு, நேத்து வாங்கினது இன்னா ஆச்சுன்னு நூறு கேள்வி கேப்பாரு மேடம்" என்றாள் சுகந்தி. "அந்தாளு நில்லுன்னா நின்னுடுவாராமா?"

பாலாஜி கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. திரையில் தலைவர் பெயர். நாளைக்கே வேலையைத் தொடரச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். மெல்லிய துணியில் வேறு கோட்டு அனுப்புவதாக என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பாலாஜி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "மேடம், நான் என்ன சொல்லட்டும்?"

வரமுடியாது என்று சொல்லுடா என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் சொல்லியிருப்பான், சந்தேகமே இல்லை. ஒரு எழுத்தும் மாற்றாமல் சொல்லியிருப்பான். அதனாலேயே பல்லைக் கடித்துக்கொண்டேன். சுகந்தி வாயைத் திறந்தாள், அவள் கையை அழுத்திப் பிடித்தேன். அவள் என்னை முறைத்தாள். என் பணிக்காலம் முழுவதிலும் நான் பட்ட பெரிய பாடு அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். அவனுக்கு உதவி தேவைப்பட்டது, நான் மரம் மாதிரி நின்றேன்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பாலாஜி அதைப் படுக்கை ஓரத்தில் கவிழ்த்து வைத்தான். சரி, தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். ஊசி குத்தியிருந்த கையாலேயே போனை எடுத்து, அவனாகத் தலைவருக்குப் போட்டான்.

"சார், நான் வரல சார்." தலைவர் ஏதோ கேட்டார். "இல்ல சார், நாளைக்கு மட்டும் இல்ல. இந்த வேலைக்கே வரல." அந்தப் பக்கம் குரல் பேசிக்கொண்டே இருந்தது. என்ன பேசியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பாலாஜி மரியாதையாகக் கேட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வைக்கிறேன் சார்" என்றான்.

அதற்கு அவன் கொடுத்த விலை சின்னதல்ல. வழிகாட்டி மாறி, தலைப்பு மாறி, நண்பர்கள் பாதிப் பேர் பேச்சை நிறுத்தி, பட்டம் வாங்குவதற்குள் தலையில் முன்பக்கம் முடி போய்விட்டது. நீங்கள் யாராவது அவனிடம் போய், செய்தது சரிதானா என்று கேட்டால், முதலில் நன்றாகத் திட்டுவான்.

அன்றைக்கு அந்த வார்டில் அவன் போனை வைத்தான். சுகந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ப முடியாமல் கேட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு, இப்படிப் பேசச் சொல்லி?"

"யாரும் சொல்லலடி" என்றான்.